மூடாத மதகு

(சென்னையை அடுத்த நூம்பலில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய ரத்தத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். ஒருமுறை, ஒரே வாரத்தில், இரண்டு இளைஞர்களின் ரத்தம் என் மேசைக்கு வந்தது. இருவருக்கும் வயது இருபதை ஒட்டி. ஒருவர் நீலகிரி மலையில் பிறந்து, வேலை தேடி அம்பத்தூர்ப் பக்கம் வந்தவர். வேலைக்குச் சேரும்போது எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் அனுப்பியிருந்தார்கள். எப்போதாவது மூட்டு வலிக்கும், குளிர்காலத்தில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்றார். மற்றவர் ஆப்பிரிக்காவிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவர். அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் வலி என்று அழுதார். சிறு வயதிலிருந்து எத்தனை முறை ஆஸ்பத்திரியில் படுத்தார் என்ற கணக்கு அவருக்கே தெரியவில்லை.

இருவருக்கும் ஒரே நோய். அரிவாள் செல் ரத்தசோகை. இருவரின் மரபணுவிலும் அதே இடத்தில் அதே ஒரு எழுத்துப் பிழை. அப்புறம் ஏன் ஒருவர் நடந்து வந்தார், இன்னொருவர் தள்ளுவண்டியில் வந்தார்? இன்றைக்கு நான் பேசப் போவது இதைப் பற்றித்தான்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். இங்கிருந்து பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. நிரம்பினால் 24 அடி. சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை இங்கே இருக்கும் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கியது. அதே ஏரி, அதே தண்ணீர்தான் மற்ற மாதங்களில் நமக்குக் குடிநீர். தண்ணீரின் குணம் மாறவில்லை. மதகின் ஷட்டர் எப்போது திறந்தது, எத்தனை அடி திறந்தது என்பது மாறியது. ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் ஊழியர் தானாகத் திறப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். உத்தரவு தூரத்திலிருந்து வரும், சேப்பாக்கத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து.

மரபணு என்று சொன்னால் நாம் தண்ணீரை மட்டும் நினைக்கிறோம். மதகை நினைப்பதில்லை.

நம் உடம்பில் ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அப்பா வழி ஒரு பிரதி, அம்மா வழி ஒரு பிரதி. ஒவ்வொன்றிலும் 300 கோடிக்கு மேல் எழுத்துகள். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதத்தை நேரடியாக எழுதும் பகுதிகள் எல்லாம் சேர்ந்து பிடிக்கும் இடம் மொத்தத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மீதி இடத்தைக் குப்பை என்று ஒரு காலத்தில் எழுதி வைத்தார்கள். அதில் உண்மையிலேயே பயன் தெரியாத பகுதி நிறைய உண்டு. ஆனால் அதற்குள்தான் மதகுகளும் இருக்கின்றன. கண்ணில் இருக்கும் உயிரணுவுக்கும் கல்லீரலில் இருக்கும் உயிரணுவுக்கும் புத்தகம் ஒன்றே. ஒன்று பார்க்கிறது, மற்றொன்று பித்தநீர் சுரக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்ற வேறுபாடுதான் காரணம்.

இந்த உண்மை முதலில் தெளிவாகத் தெரிந்தது மனிதனிடத்தில் இல்லை. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவிடம். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ழாக்கோப், ழாக் மோனோ என்று இருவர். அந்தக் கிருமிக்குக் குளுக்கோஸும் பால் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் குளுக்கோஸைத் தின்று தீர்க்கும். அது தீர்ந்த பிறகு கொஞ்ச நேரம் வளராமல் சும்மா இருக்கும். பிறகு பால் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? பால் சர்க்கரையை உடைக்கும் நொதிகளின் மரபணுக்களுக்கு முன்னால், டி.என்.ஏ.யின் மீது ஒரு தடுப்புப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. பால் சர்க்கரை உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடி தளர்ந்து தடுப்பு விலகும். மடை திறக்கும். 1961-இல் இதை எழுதினார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவோஃப் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே மரபணு மதகைப் பற்றி மனிதன் கற்ற முதல் பாடம் பாலில் கிடைத்தது. இரண்டாவது பாடமும் பாலில்தான் இருக்கிறது, அது நம்மைப் பற்றியது.

காலையில் அம்பத்தூர் ஆவின் பாலில் காபி குடித்துவிட்டு வந்திருப்பீர்கள். காபியில் கலக்கும் அளவுக்குப் பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு பெரிய டம்ளர் நிறையப் பச்சைப் பாலைக் காய்ச்சிக் குடித்தால், இங்கே இருப்பவர்களில் பலருக்கு வயிறு உப்பும், கடமுடா என்று ஓசை வரும். குழந்தையாக இருந்தபோது தாய்ப்பாலைக் குடித்து வளர்ந்த அதே வயிறுதான். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதியைக் குழந்தையின் குடல் நிறையச் செய்யும். பால்குடி மறந்த பின் பெரும்பாலோருக்கு அந்த மதகு மெல்ல மூடிக்கொள்ளும். மரபணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. தயிரும் மோரும் ஏன் அவ்வளவாகப் படுத்துவதில்லை? உறை ஊற்றிய இரவில் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்று முடித்துவிடுகின்றன, தயிருக்குள் இருக்கும் அவற்றின் நொதி நம் குடலிலும் கொஞ்சம் உதவி செய்கிறது.

ஆனால் சிலருக்கு அந்த மதகு சாகும்வரை மூடுவதே இல்லை. 2002-இல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதன் காரணத்தைக் கண்டார்கள். லாக்டேஸ் மரபணுவில் தேடினால் வேறுபாடு எதுவும் இல்லை. அதற்கு ஏறத்தாழ 14,000 எழுத்து தள்ளி, இன்னொரு மரபணுவுக்கு உள்ளே, அந்த மரபணு தன் வேலைக்குப் பயன்படுத்தாத ஒரு பகுதியில், ஒரு எழுத்து மாறியிருந்தது. சி இருக்க வேண்டிய இடத்தில் டி. நம் வீட்டு விளக்கின் சுவிட்ச் பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பதுபோல! இந்தியாவில் மாடு மேய்த்து வாழ்ந்த சமூகங்களிடமும் அதே எழுத்து மாற்றம் இருப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது.

தூரத்தில் இருந்துகொண்டு மரபணுவை முடுக்கும் இப்படிப்பட்ட இடத்துக்கு என்ஹான்சர் என்று பெயர். மரபணுவுக்கு முன்னால், வாசலிலேயே இருக்கும் மதகுக்குப் புரொமோட்டர் என்று பெயர். தூரத்தில் இருக்கும் துண்டு எப்படி வேலை செய்யும் என்று பிள்ளைகள் கேட்பீர்கள். டி.என்.ஏ. விறைத்த கம்பி இல்லை. நூலைப்போல் வளையும். வளைந்து வந்து தூரத்துத் துண்டு வாசலைத் தொடும். அதன் மீது உட்கார்ந்திருக்கும் புரதங்கள் வாசலில் இருக்கும் புரதங்களோடு கைகோத்துக்கொள்ளும். 1981-இல் சூரிக் நகரில் வால்டர் ஷாஃப்னர் குழுவினர் ஒரு வைரஸின் டி.என்.ஏ. துண்டை எடுத்து முயலின் ஹீமோகுளோபின் மரபணு ஒன்றோடு இணைத்தார்கள். முன்னால் ஒட்டினாலும் பின்னால் ஒட்டினாலும், திருப்பிப் போட்டு ஒட்டினாலும், ஆயிரக்கணக்கான எழுத்து தள்ளி ஒட்டினாலும் மரபணு பல மடங்கு வேகமாக வேலை செய்தது. என்ஹான்சர் என்ற கருத்து அப்படித்தான் நிலைபெற்றது. அவர்கள் எடுத்தது ஹீமோகுளோபின் மரபணு என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. நான் சோறு தின்றது அந்தப் புரதத்தால்தான்.

சரி, ரத்தத்துக்கு வருவோம்.

ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் நான்கு சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டாச் சங்கிலிக்கான மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தனியாக இல்லை, வரிசை வீடுகளைப்போல ஐந்து மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் வீடு கருவுக்கு. அடுத்த இரண்டும் வயிற்றில் வளரும் சிசுவுக்கு, அவற்றுக்குக் காமா என்று பெயர். நான்காவதுக்கு வேலை குறைவு. கடைசி வீடு பீட்டா, பிறந்த பிறகு ஆயுள் முழுவதற்கும். எந்த வரிசையில் வீடுகள் இருக்கின்றனவோ அதே வரிசையில்தான் வாழ்க்கையில் அவை திறக்கின்றன. இந்த ஐந்துக்கும் பொதுவாக, வரிசைக்கு வெளியே முன்னால், வலிமையான ஒரு என்ஹான்சர் கூட்டம் இருக்கிறது. அது வளைந்து வந்து முதலில் கருவின் மரபணுவைத் தொடும். பிறகு காமாவை. பிறந்த பின் பீட்டாவை. ஒரே மோட்டார், ஒவ்வொரு வயலுக்கும் மடை மாற்றிவிடுவதுபோல.

ஏன் இந்த ஏற்பாடு? வயிற்றில் இருக்கும் சிசு மூச்சு விடாது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தாயின் ஹீமோகுளோபினைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமோகுளோபின் வேண்டும். காமாச் சங்கிலி அதற்காக. நாங்கள் இதை எஃப் என்று எழுதுவோம். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் 60 முதல் 80 விழுக்காடு எஃப்தான். ஆறு மாதத்துக்குள் சரசரவென்று குறையும். பெரியவர்களுக்கு ஒரு விழுக்காடுகூட இருப்பதில்லை.

இனி அந்த எழுத்துப் பிழை. பீட்டா மரபணுவில் ஓர் இடத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வந்துவிட்டால், சங்கிலியில் ஆறாவது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. இந்த ஹீமோகுளோபினுக்கு எஸ் என்று பெயர். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் எஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு கயிறாகத் திரிந்துகொள்ளும். சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். மெல்லிய ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும். அதுதான் எலும்புக்குள் ஆணி அடிக்கும் வலி.

எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சோதனைக் குழாயில் ஒரு கரைசலை ஊற்றி ஒரு சொட்டு ரத்தம் விடுவோம். கரைசலில் இருக்கும் மருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். ஐந்து நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் போட்ட ஒரு அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சாதாரண ரத்தமாக இருந்தால் குழாய்க்குப் பின்னால் கோடுகள் தெளிவாகத் தெரியும். எஸ் இருந்தால் கரைசல் கலங்கல் மோர்போல் ஆகி, கோடுகள் மறைந்துவிடும். ஆனால் பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு இந்தச் சோதனையை நாங்கள் செய்வதில்லை. நோய் இருந்தாலும் கோடுகள் தெரிந்துவிடும். ஏன்? அந்தக் குழந்தையின் காமா மதகு இன்னும் மூடவில்லை. குழாயில் எஃப் நிறைந்திருக்கிறது.

1948-இலேயே புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்தார். நோயுள்ள பிள்ளைகளும் பிறந்த சில மாதங்கள் நன்றாக இருக்கிறார்களே, சிசுக்காலத்து ஹீமோகுளோபின் அவர்களைக் காப்பாற்றுகிறது என்றார். காமாச் சங்கிலி இடையில் புகுந்துவிட்டால் எஸ் மூலக்கூறுகளால் கயிறு திரிக்க முடியாது. அந்த அம்மையாரின் கூர்மையை நினைத்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை. மரபணு எதனால் ஆனது என்பதே சரியாகத் தெரியாத காலம் அது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரியின் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் பண்பு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஆப்பிரிக்க நோய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இருளர், குறும்பர், பணியர் வீடுகளிலும் இருந்தது. பிறகு மத்திய இந்தியாவின் பழங்குடிகளிடமும் தெரிய வந்தது.

இப்போது அந்த இரண்டு இளைஞர்களிடம் திரும்புகிறேன். ரத்தத்தில் எந்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற இயந்திரம் இருக்கிறது. தாளில் முகடு முகடாக வரைந்து தரும். இருவருக்கும் எஸ் முகடு பனைமரம்போல் உயர்ந்து நின்றது. எஃப் முகட்டைப் பார்த்தேன். மாணவருக்கு 5 விழுக்காடு. மலை இளைஞருக்கு 21.

இருபது வயதில் 21 விழுக்காடு எஃப்! அவருடைய காமா மதகு முழுசாக மூடவே இல்லை. இந்தியாவிலும் அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் அரிவாள் மரபணுவோடு கூடவே ஒரு அடையாளம் வருகிறது. காமா மரபணுக்களில் முதலாவதின் வாசலில், தொடக்கத்திலிருந்து 158 எழுத்துக்கு முன்னால், சி-க்குப் பதில் டி. அந்த எழுத்து மாறியிருந்தால் டி.என்.ஏ.வை அந்த இடத்தில் வெட்டும் நொதி ஒன்று உண்டு. மரவள்ளிச் செடிக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி. வெட்டினால் டி, வெட்டாவிட்டால் சி. அந்த டி உள்ளவர்களுக்கு உடம்பு நெருக்கடிக்கு ஆளாகும்போது எஃப் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த ஒற்றை எழுத்து மட்டுமே காரணமா, அதோடு சேர்ந்து வரும் வேறு எழுத்துகளுக்கும் பங்கு உண்டா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. உறவு இருப்பதில் சந்தேகமில்லை.

இதை வைத்துக்கொண்டு, நம் மலைமக்களுக்கு இந்த நோய் லேசானதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது. எஃப் கூடுதலாக இருந்தும் வலியில் துடிப்பவர்கள் உண்டு. பிரசவத்தில் தத்தளிக்கும் தாய்மார்கள் உண்டு. மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் உண்டு. சராசரி என்பது துடிக்கும் ஒருவருக்கு எந்த ஆறுதலும் தராது.

காமா மதகை மூடுவது யார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 2008 வரை ஆனது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் என்ற இளைஞர் அதில் முன்நின்றார். பி.சி.எல். 11 ஏ என்ற புரதம்தான் மூடும் ஆள். அதை விலக்கினால் காமா மீண்டும் திறக்கும். அப்படியானால் அந்தப் புரதத்தின் மரபணுவையே அழித்துவிடலாமே? முடியாது. மூளை வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்கும் அதே புரதம் வேண்டும். இங்கேதான் மதகைப் படித்ததன் பலன் தெரிகிறது. 2013-இல், பி.சி.எல். 11 ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணுவாக வளரும் உயிரணுக்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு என்ஹான்சரைக் கண்டார்கள். அந்தத் துண்டை மட்டும் கெடுத்தால் அந்த உயிரணுக்களில் மட்டும் அந்தப் புரதம் குறையும். மூளைக்கு ஒன்றும் ஆகாது. மூடுபவரை வேலையை விட்டு நீக்கவில்லை, அந்த ஒரு ஷட்டரின் சாவியை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அதுவே மருந்தானது. நோயாளியின் ரத்தத் தாய் உயிரணுக்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தரியால் அந்த என்ஹான்சரை வெட்டி, கடுமையான மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்து, வெட்டிய உயிரணுக்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். காஸ்ஜெவி என்று பெயர். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது, டிசம்பரில் அமெரிக்கா. கிரிஸ்பர் வழியில் உலகில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை. பிழையுள்ள பீட்டா மரபணுவை யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழை அப்படியே இருக்கிறது. மதகைத்தான் திறந்தார்கள். நம் மலை இளைஞரின் உடம்பு தானாகவே பாதி செய்து வைத்திருந்த வேலை அது.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் பதினெட்டுக் கோடி ரூபாய்க்குக் குறையாது. நீலகிரியின் கூடலூரில் தேயிலை பறிக்கும் ஒரு குடும்பத்திடம் இந்தத் தொகையை எப்படிச் சொல்வது?

நம் ஊருக்குப் பக்கத்தில் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் வேலூர் வரும். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே, இன்னொரு ஹீமோகுளோபின் நோயான தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். அந்தக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தண்டணு (தாய் உயிரணு) ஆராய்ச்சி மையத்தில் காமா மரபணுவின் வாசலையே எழுத்து எழுத்தாக மாற்றிப் பார்த்தார்கள். டி.என்.ஏ.வை இரண்டாக அறுக்காமல் ஒரு எழுத்தை மட்டும் மாற்றும் முறை அது. எந்த எழுத்தை மாற்றினால் எஃப் ஏறுகிறது என்ற பட்டியலை 2022-இல் வெளியிட்டார்கள். பிறப்பிலேயே அப்படிப்பட்ட எழுத்து மாற்றத்தோடு, ஆயுள் முழுதும் எஃப் கூடுதலாக, எந்தக் குறையும் இல்லாமல் வாழ்பவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் இந்த வழியே பிறந்தது. இந்த வேலை நம் மண்ணில், நாம் கொடுக்கக்கூடிய விலையில் முடிய வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

அதுவரை கையில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மாத்திரை. பழைய மருந்து, விலை அதிகமில்லை. அதுவும் எஃபைத்தான் ஏற்றுகிறது. மருத்துவர் மேற்பார்வையில், அவ்வப்போது ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு, விடாமல் சாப்பிட வேண்டும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேருக்குச் சோதனை செய்வது இலக்கு. சோதனையில் ஒரு பிரதியில் மட்டும் பிழை இருப்பதாக வந்தால் அவர் நோயாளி இல்லை. எல்லோரையும்போல் உழைக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். கணவன், மனைவி இருவருக்கும் அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. இதை முன்பே தெரிந்துகொள்வதற்குத்தான் சோதனை. அந்தச் சீட்டை வைத்து ஒரு பெண்ணை ஒதுக்குவதற்கு இல்லை.

நான் சொன்ன இரண்டு வரைபடங்களின் நகலையும் கொண்டுவந்திருக்கிறேன். பெயர் இருந்த மேல்பகுதியை வெட்டிவிட்டேன். அந்த மேசையில், மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்கச் சோதனைக் குழாய்த் தாங்கியை மேலே வைத்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் வாருங்கள். வலது பக்கம் உயரமாக நிற்பது எஸ், அது இரண்டு தாளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். இடது பக்கம், தொடக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, எஃப் என்று எழுதிய இடத்தில் விரலை வைத்து, முதலில் ஒரு தாளிலும் பிறகு அடுத்த தாளிலும் பாருங்கள்.